பொத்தான் எந்தப் பக்கம்

வெர்னன் வரமாட்டான் என்றுதான் டோரீனிடம் சொல்லியிருந்தார்கள். இடுப்பு வலி, கார் ஓட்டக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார், இந்த வருஷக் கூட்டம் அவன் இல்லாமல்தான் என்று கூட்டத்து நண்பன் மெல் போனில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை காலை கெல்லர்டன் தீயணைப்பு நிலையத்து மாடி ஹாலுக்குள் அவள் நுழைந்தால், காபிப் பாத்திரத்துக்குப் பக்கத்து மேஜையில் காலை நீட்டி உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருக்கிறான் அந்த மனுஷன்.

"வா வா," என்றான். "தகரத்தையும் தூக்கிட்டு வந்துட்டியா?"

"இடுப்பு எப்படி இருக்கு?" என்றாள் டோரீன்.

"உன்னை விட்டு வந்ததுலேர்ந்து எல்லாமே நல்லாத்தான் இருக்கு."

பக்கத்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். சிரிக்கத்தான் செய்வார்கள். இவர்கள் புருஷன் பெண்டாட்டியாகச் சேர்ந்து வந்த காலத்திலும் ஹாலுக்கு வேடிக்கை இவர்கள்தான். பிரிந்து தனித்தனியாக வரும் இந்தக் காலத்திலும் இவர்கள்தான். டோரீன் பையை மார்போடு அணைத்தபடி ஜன்னலோர மேஜைக்குப் போனாள். பைக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி.

அந்த ஹாலில் கூடியிருந்த எல்லோருக்கும் பிடித்திருந்தது ஒரே பைத்தியம். பேஸ்பால் ஆடுகிறவன் கையில் உறைகூட மாட்டாத காலத்தில், ஹட்சன் ஆற்றங்கரை ஊர்களில் கடைக்காரனும் கொல்லனும் சேர்ந்து கிளப் வைத்து ஆடிய காலத்தில் எடுத்த படங்கள் அவர்களுக்கு வேண்டும். வெள்ளித் தகட்டில் இருந்தாலும் சரி, கண்ணாடியில், தகரத்தில் இருந்தாலும் சரி. செத்தவர் வீட்டுச் சாமான் எங்கே ஏலத்துக்கு வந்தாலும் விடிவதற்குள் போய் வாசலில் நிற்பார்கள். எல்லோர் கழுத்திலும் பூதக்கண்ணாடி தொங்கும். ஒரு மீசையைக் காட்டி, இது இன்னாருடையது, இல்லை அவர் தம்பியுடையது என்று பொழுது சாயும்வரை சண்டை போடுவார்கள். பெண்டாட்டி பிறந்தநாள் ஞாபகம் இருக்காது. எந்தக் கிளப் எந்த வருஷம் எந்தத் தொப்பி போட்டது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

வெர்னனுக்கும் டோரீனுக்கும் கல்யாணம் ஆனதும் இதனால்தான், முறிந்ததும் இதனால்தான். வக்கீல் முன்னால் சேகரிப்பைப் பங்கு போட்டபோது வெள்ளியையும் கண்ணாடியையும் அவன் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவள் பக்கம் தள்ளிவிட்டதில் இந்தப் பெட்டியும் ஒன்று. "இது காப்பி, அசல் இல்ல. நீயே வெச்சிக்கோ, உனக்குப் பொருத்தமா இருக்கும்," என்றான்.

பெட்டிக்குள் இருந்தது ஒரு தகரப் படம். ஒன்பது ஆட்டக்காரர்கள், ஒன்பது பேர் நெஞ்சிலும் கம்பளித் துணியில் வெட்டித் தைத்த 'கே' என்ற ஆங்கில எழுத்து. கெல்லர்டன் கிளப்பின் எழுத்து அது. அந்தக் கிளப் ஆடியதாகப் பழைய செய்தித்தாள்களில் நாலு வரி உண்டு. ஆடியவர்களின் முகம் இந்த ஒரு தகரத்தைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஓரத்தில் பத்தாவதாக ஒரு ஆள், நீளக் கோட்டுப் போட்ட நடுவர். அவர் பாதி உடம்பு படத்தைச் சுற்றியிருந்த பித்தளைச் சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்தது.

அதை ஏன் காப்பி என்றான் என்று கேட்டால், இந்த ஹாலில் நேற்றுச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான். தகரப் படம் கண்ணாடியில் முகம் பார்ப்பது மாதிரி. இடம் வலமாகும், வலம் இடமாகும். நெஞ்சில் எழுத்து இருந்தால் படத்தில் திரும்பித்தான் விழும். நேராக விழுந்திருந்தால் அது ஆளைப் பார்த்து எடுத்த படம் இல்லை, படத்தைப் பார்த்து எடுத்த படம். இரண்டு தடவை திரும்பினால் நேராகிவிடுமே! கெல்லர்டன் தகரத்தில் 'கே' பள்ளிக்கூடப் பலகையில் எழுதியது போல நேராக நின்றது. விஷயம் தெரியாதவன் பார்த்தால் அதில் ஒரு கோளாறும் தெரியாது. விஷயம் தெரிந்தவர்கள் மட்டும்தான் உதட்டைப் பிதுக்கினார்கள்.

டோரீனும் வெகுகாலம் அப்படித்தான் நம்பியிருந்தாள். பிறகு ஒருநாள், சாய்வான வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது ஆளின் நெஞ்சில் ஒன்றைக் கண்டாள். எழுத்து கொஞ்சம் கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. அதன் ஓரத்தில் சட்டைத் துணி வெயில் படாமல் சாயம் வெளுக்காமல் கறுப்பாக இருந்தது. அந்தக் கறுப்பும் ஒரு 'கே'தான். ஆனால் திரும்பி நின்ற 'கே'. முன்பு அந்த இடத்தில் எழுத்து வேறு பக்கம் பார்த்திருந்திருக்கிறது. படம் பிடிக்கிறவன் சொல்லியிருக்கிறான், இல்லை அந்தப் பயல்களுக்கே தோன்றியிருக்கிறது: எழுத்து திரும்பி விழுந்தால் நம் ஊர்ப் பெயர் யாருக்குத் தெரியும்? பிரித்துக் கவிழ்த்துத் தைத்துக்கொள்ளுங்கடா! அப்படித் தைத்துக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். படம் அசல்தான். கிளப்பின் வீம்புதான் அதைக் காப்பி ஆக்கிவிட்டது.

இதை அவள் ஆற அமர நிரூபித்திருக்கலாம். ஆனால் தகரத்துக்கு அவகாசம் இல்லை. போன குளிர்காலத்திலிருந்து மூலையில் துரு அரும்பத் தொடங்கியிருந்தது. தகரம் நடுவில் லேசாக உப்பி மேல் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வீட்டுப் பின்னறையில் ஊர்ப்பட்ட படங்களைச் செப்பனிட்டுக் கொடுக்கிறவள் அவள். இதற்குத் தன் அறை போதாது, ஈரத்தை அளந்து வைக்கும் பெரிய இடம் வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத்தான் அருங்காட்சியகத்திலிருந்து ஐரின் ஸ்டோல் வந்திருந்தார். அசல் என்றால் எடுத்துக்கொள்வார்கள், பிழைக்கவைப்பார்கள். காப்பி என்றால் அது டோரீனின் மேஜையிலேயே துருப்பிடித்துச் சாகும்.

அசலா காப்பியா என்று சொல்ல இந்த ஹாலில் ஒரு வாய்தான் உண்டு. அந்த வாய் இப்போது இரண்டாவது டோனட்டை மென்றுகொண்டிருந்தது.

டோரீன் பெட்டியைத் திறந்து வைத்தாள். கூட்டம் மேஜையைச் சுற்றி நெருங்கியது. ஐரின் குனிந்து பூதக்கண்ணாடியில் நிதானமாகப் பார்த்தார். அந்தக் கறுப்பு நிழலைக் காட்டி டோரீன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், "சுவாரசியமா இருக்கு," என்ற ஐரின் வெர்னன் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் ப்ரூயிட், நீங்க ஒரு தடவை பார்க்கறீங்களா?"

"நான் எத்தனையோ தடவை பார்த்தாச்சு," என்றான் வெர்னன், நாற்காலியை விட்டு எழாமல். "அது சட்டை மடிப்பு. மடிப்புல எழுத்து தெரியுதுன்னா நாளைக்கு மேகத்துல மாட்டுவண்டி தெரியும்."

"பார்க்காமயே சொல்றியே," என்றாள் டோரீன்.

"எழுத்தைக் கவுத்துப் போட்டுத் தைச்சாங்களாம்! ஒம்பது பேரும் உக்காந்து ஊசி நூல் கோத்தாங்களாம்! அவனுங்க ஆட்டக்காரனுங்களா, தையக்காரனுங்களா?"

மெல் காபியைச் சிந்திக்கொண்டு சிரித்தான். வெறும் வாயை மெல்கிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா?

"பொத்தானைப் பார்த்தா தெரிஞ்சிடும்," என்றாள் டோரீன், சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திராமல். "ஆட்டக்காரங்க சட்டையில முன்பக்கத் துணி ரெண்டு பக்கமும் பொத்தான் வெச்சது, அதுல எதுவும் தெரியாது. ஆனா நடுவர் போட்டிருக்கறது கோட்டு. ஆம்பள கோட்டு ஒரு பக்கம் மூடும், பொம்பள கோட்டு இன்னொரு பக்கம். இது ஆளைப் பார்த்து எடுத்த படம்னா அந்தாளு கோட்டு பொம்பள கோட்டு மாதிரி தெரியும். காப்பின்னா சரியா தெரியும். எழுத்தைத் திருப்பித் தைப்பாங்க. கோட்டைத் திருப்பி எவன் தைப்பான்?"

சிரித்தவர்கள் மறுபடி குனிந்து படத்தைப் பார்த்தார்கள். அது நல்ல கேள்வி. வெர்னனுக்கும் அது நல்ல கேள்வி என்று தெரிந்தது, தாடையைச் சொறிந்தான்.

"சரி, பொத்தான் எங்க?"

"சட்டத்துக்கு அடியில."

"அப்போ திற."

டோரீன் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தன்னிடம் படம் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் அவள் முதலில் சொல்வது, கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருப்பதைத் திறக்காதே, படத்தின் பூச்சு கண்ணாடியோடு உரிந்து வந்துவிடும் என்பதுதான். சொன்ன பேச்சைக் கேட்காமல் திறந்துவிட்டு அழுதுகொண்டு வந்தவர்களை அவள் திட்டி அனுப்பியிருக்கிறாள். இந்த ஹாலில் பாதிப் பேர் அவளிடம் அந்தத் திட்டு வாங்கியவர்கள்.

ஐரின்தான் குறுக்கே வந்தார். "இங்க திறக்க வேண்டாம். எங்க ஆளுங்க அங்க பதமா திறப்பாங்க. நான் கமிட்டியில சொல்றேன். வசந்தத்துல கூடுவாங்க, அதுவரைக்கும் இதை உலர்ந்த இடத்துல வெச்சிருங்க. எனக்கு நம்பிக்கை இருக்கு, மிஸ் டட்டில்."

இதைவிட நல்ல பேச்சு அன்றைக்கு வேறு வந்திருக்க முடியாது. டோரீனும் தலையசைத்துவிட்டாள். பெட்டியை மூடக் கையைக்கூடக் கொண்டுபோய்விட்டாள். பதறாத காரியம் சிதறாது என்பதை அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த ஊரில் இல்லை. வெர்னன் அத்தோடு வாயை மூடியிருந்தால் கெல்லர்டன் கிளப் இன்றைக்கும் முகத்தோடு இருந்திருக்கும்.

"கமிட்டியில என்னன்னு சொல்லப் போறீங்க அம்மா?" என்றான் அவன் ஐரினிடம். "டோரீன் டட்டில் கண்டுபிடிச்சான்னா? இவளுக்குத் தகரம் எது, கண்ணாடி எதுன்னு சொல்லிக் குடுத்ததே நான். பூதக்கண்ணாடியை எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு சொல்லிக் குடுத்தது நான். பேச்சு என்னுது, பார்வை என்னுது. பேருக்குத்தான் தனியா இருக்கா." சட்டைமேல் இருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டான். "இவளே ஒரு காப்பிதானே. என் காப்பி."

இந்தத் தடவை சிரிப்பு கூரையைத் தொட்டது. ஐரின்கூட உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டோரீன் மூடப்போன பெட்டியை மறுபடி திறந்து வைத்தாள். இருபது வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியபோது அவன் சொன்னதெல்லாம், பிரிந்த பிறகு முதுகுக்குப் பின்னால் சொன்னதெல்லாம் திரண்டு அந்த ஒரே சொல்லில் வந்து உட்கார்ந்தன. வசந்தமாம். வசந்தம்வரை இந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டுமாம். அவள் கையுறையை மாட்டினாள். பையிலிருந்து மெல்லிய தகட்டுக் கத்தியை எடுத்தாள்.

"மிஸ் டட்டில்," என்றார் ஐரின்.

"ஒரு நிமிஷம்தான். மூலையில மட்டும்தான் ஒட்டியிருக்கு. எனக்குத் தெரியும்."

"அப்படிப் போடு! திற, திற," என்று வெர்னன் நாற்காலியோடு நகர்ந்து வந்தான். அவள் திறக்கமாட்டாள் என்பதில் அவனுக்கு அவ்வளவு உறுதி. டோரீனாவது, ஒட்டிய படத்தைத் திறப்பதாவது! அவளை இன்னும் கொஞ்சம் சீண்டத்தான் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு படத்தின்மேல் குனிந்தான். "எங்கம்மா அந்த மாட்டுவண்டி? காட்டு, நானும் பார்க்கறேன்."

டோரீன் பித்தளைச் சட்டத்தின் சுற்று மடிப்பை ஒவ்வொரு பக்கமாக நிமிர்த்தினாள். பித்தளை மெல்ல முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது. வெர்னன் இன்னும் குனிந்தே இருந்தான். அவன் பேச்சு நின்றுபோயிருந்தது. பார்த்துவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது ஆளின் நெஞ்சைப் பார்த்துவிட்டான்.

"டோரீன்," என்றான்.

அவள் கத்தி முனையைக் கண்ணாடிக்கும் பித்தளைக்கும் நடுவில் வைத்தாள்.

"டோரீன், நிறுத்து. வேண்டாம்."

"ஏன்?"

"ஒட்டியிருக்கு. மூலையில மட்டும் இல்ல, முழுக்க ஒட்டியிருக்கு."

"இவ்வளவு நேரம் திற திறன்னியே?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்." அவன் குரல் தணிந்துவிட்டது, அவளுக்கு மட்டும் கேட்கிற குரல். "நீ உன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தியே, ஆத்துல தண்ணி ஏறுச்சே, அப்போ வீட்டுக்கு அடியில இருக்கற அறையில தண்ணி வந்துடுச்சு. இந்தப் பெட்டி நனைஞ்சிடுச்சு. நான் அடுப்புக்குப் பக்கத்துல வெச்சுக் காயவெச்சேன். உன்கிட்ட சொல்லல. கையை எடு, டோரீன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளிறியிருந்தது, மேலுதட்டில் வியர்வை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை என்று அன்றைக்கு அவன் சொன்னதும் இதே வாயால்தான். அதற்கு முன்னும் பின்னும் அவன் சொன்ன பொய்களுக்கு அவளிடம் கணக்கே இல்லை. அசல் என்று தெரிந்துவிட்டது, பயந்துவிட்டான், எல்லோர் முன்னாலும் தோற்கப் போகிறான், அதற்குத்தான் இந்த நாடகம் என்று அவள் எண்ணினாள். அப்படி எண்ணியபோது அவளுக்கு உண்டான சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட உண்டானதில்லை.

"பயமா இருக்கா, வெர்னன்?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடியைத் தூக்கினாள்.

காய்ந்த இலையை மிதித்தால் வருகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான்.

டோரீன் முதலில் பார்த்தது நடுவரைத்தான். பித்தளை அவரை விட்டுச் சுத்தமாக விலகியிருந்தது. தொப்பி முதல் கால்வரை ஒரு கீறல் இல்லாமல், இத்தனை வருஷம் மூடிக் கிடந்ததில் அச்சுப் போல நின்றார். கோட்டுப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தெரிந்தன. பெண்பிள்ளை கோட்டுப் போல மூடியிருந்தது அவர் கோட்டு.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களைப் பார்த்தாள். ஒன்பது பேர் நெஞ்சிலும் 'கே' நேராக நின்றது. ஒன்பது பேர் கழுத்துக்கு மேலும் வெறும் தகரம். முகங்கள் கண்ணாடியோடு போயிருந்தன. அவள் கையில் இருந்த கண்ணாடியின் உட்புறத்தில் அவை சருகு சருகாகச் சுருண்டு, ஒரு கண், பாதி மீசை, தொப்பியின் விளிம்பு என்று தொத்திக்கொண்டிருந்தன. எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்று மூக்கை அறுத்துக்கொள்கிறவர்கள் தங்கள் மூக்கையாவது அறுத்துக்கொள்வார்கள். டோரீன் அறுத்தது அந்த ஒன்பது பேருடையதை.

அவள் கண்ணாடியை மேஜைமேல் மல்லாக்க வைத்தாள். கை நடுங்காமல் வைத்தாள். அந்த மட்டுக்குத் தொழில் கைவிடவில்லை.

வெர்னன் தகரத்தின்மேல் குனிந்து நடுவரின் கோட்டைப் பார்த்தான். "ஒரிஜினல்தான்," என்றான்.

"சத்தமா சொல்லு."

"விடு, டோரீன்."

"பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல. இத்தனை வருஷம் காப்பி காப்பின்னு ஊரெல்லாம் கேக்கற மாதிரி சொன்னே இல்ல? சத்தமா சொல்லு."

அவன் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான். "இது ஒரிஜினல். கெல்லர்டன் கிளப். நான்தான் தப்பா சொன்னேன்."

யாரும் கைதட்டவில்லை. யாரும் அவளைப் பார்க்கவும் இல்லை. அவள் இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்த சொல் ஹாலில் விழுந்து கிடந்தது, எடுக்க ஆளில்லை. ஐரின் ஸ்டோல் தன் பூதக்கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். "நான் கமிட்டிக்கு என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல," என்றார். அவர் குரலில் கோபம் இருந்தது, அதை அவர் மறைக்கவும் இல்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தார்.

கீழே வாசல் கதவைத் திறந்தார் போலிருக்கிறது. நவம்பர்க் காற்று படியேறி ஹாலுக்குள் வந்தது. கண்ணாடியின்மேல் கிடந்த சருகுகளில் ஒன்று எழுந்து நின்று ஆடியது.

"கதவை மூடுங்க!" என்று டோரீன் அலறினாள்.

அதற்குள் வெர்னன் தன் இரண்டு கைகளையும் கண்ணாடியைச் சுற்றி அணைபோல வைத்துவிட்டான். சர்க்கரை ஒட்டிய, தடித்த, அவளுக்கு அருவருப்பான கைகள். ஒன்பது பேருடைய கண்ணும் மீசையும் அந்தக் கைகளுக்கு நடுவில் கிடந்தன.

"கையை எடு," என்றாள் அவள்.

"எடுத்தா பறந்துடும்."

இந்தத் தடவை அவள் அவனை நம்பினாள்.